ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம்?



உங்கள் பெண் மக்களுள் ஒருத்தியையோ, உடன்பிறந்தாள் ஒருத்தியையோ பெருநகர் ஒன்றில் வாழ்க்கைப்பட அனுப்பியிருப்பீர்கள். தருமபுரி மாவட்டத்தார்க்கு அந்தப் பெருநகர் பெரும்பாலும் பெங்களூராகவே அமைந்துவிடுகிறது. எங்கள் பாப்பாரப்பட்டியிலிருந்து சென்னைக்குப் போக ஓர் இரவுப் பயணம் வேண்டும். பெங்களூருக்கோ, ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பேருந்து ஏறினால், வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். என் தங்கையும் அந்த நகரில்தான், சிவாஜி நகர்ப் பக்கம், பதினோரு ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தி வருகிறாள். மைத்துனர்க்குப் பாத்திரக் கடை. இரண்டு ஆண் மக்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, பேச்சுவாக்கில், "இந்த ஊரில் என்னவெல்லாம் பார்த்திருக்கிறாய்?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள். கடைத்தெரு, இரண்டு பிரசவங்களும் நடந்த மருத்துவமனை, உறவினர் வீடுகள், ஒரு பெரிய வணிக வளாகம், ஒருமுறை லால்பாக் மலர்க் கண்காட்சி. அவ்வளவுதான். பதினோரு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்நூற்று எழுபது ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயிருக்கின்றன. அவளுடைய கணக்கில் எஞ்சியது இதுதான்.

லால்பாக்கைப் பார்த்தவள், அதை 1760ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கியவர் ஹைதர் அலி என்பதை அறிந்திருக்கவில்லை. அங்கே ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி, கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. நம் குடும்பங்கள் கூசாமல் செல்லும் ஒரே கண்காட்சி அதுவாகத்தான் இருக்கும். மற்றவையெல்லாம் 'அவர்களுக்கு உரியவை' என்று நமக்கு நாமே கோடு போட்டுக்கொண்டோம். இந்தக் கோட்டை யார் போட்டது, ஷரீஅத்தா, சோம்பலா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

நம் ஊருக்குப் புதியதா?

பாப்பாரப்பட்டி என்றதும் வரலாறு படித்தவர்க்கு நினைவு வருபவர் சுப்பிரமணிய சிவா. 1884இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். சிறையில் பற்றிய தொழுநோயோடு, இரயிலில் ஏறவும் தடை விதிக்கப்பட்ட நிலையில், கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்று சொற்பொழிவு ஆற்றியவர். 'ஞானபானு' என்னும் இதழை நடத்தினார், நாடகங்களும் எழுதினார். 1925 ஜூலை 23 அன்று எங்கள் ஊரிலேயே மறைந்தார். அவருடைய சமயக் கருத்துகள் அவருக்கு. ஆனால் பேச்சும் நாடகமும் மக்களைத் தட்டி எழுப்பும் கருவிகள் என்று அறிந்த ஒருவர் இந்தப் புழுதியில் நடந்திருக்கிறார் என்பதை நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு.

தெருக்கூத்தும் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும் கலை. சிறு பிராயத்தில் கூட்டத்தின் பின்வரிசையில், பாட்டனாரின் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். அவர் ஐவேளைத் தொழுகையாளி. கதையில் வரும் வழிபாடு அவரைத் தொட்டதில்லை. ஆட்டக்காரன் ஒரே மூச்சில் நாற்பது வரி சொல்வதை மட்டும் வியந்து பேசிக்கொண்டு வருவார். நம் முன்னோரும் நாடகம் எழுதாதவர்கள் அல்லர். 'அலிபாதுஷா நாடகம்', 'அப்பாசு நாடகம்', 'சீதக்காதி நொண்டி நாடகம்' ஆகியவை இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் நமக்கு விட்டுச் சென்ற சொத்துகள். பள்ளிவாசல் முற்றத்தில் சீறாப்புராண விரிவுரை நடந்த காலமும் இருந்தது. மேடையும் பேச்சும் நமக்கு அந்நியமல்ல. நாம்தான் எப்போதோ எழுந்து வந்துவிட்டோம்.

ஒரு ஜனவரி ஞாயிறு

பெங்களூரில் குமாரகிருபா சாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1960இல் தொடங்கப்பெற்ற கர்நாடக சித்ரகலா பரிஷத் அமைந்துள்ளது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில், அவர்கள் 'சித்ர சந்தெ' நடத்துகிறார்கள். சந்தெ என்பது நம் சந்தைதான். பாப்பாரப்பட்டிச் சந்தையில் காய்கறி பரப்பியிருப்பது போலவே, அன்று வாகனங்களை நிறுத்திவிட்டு, சாலையின் இருமருங்கிலும் ஓவியர்கள் தம் படங்களைப் பரப்பிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள். நூறு ரூபாய்க்கும் படம் உண்டு. இலட்ச ரூபாய்க்கும் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது.

என் தங்கை வீட்டிலிருந்து அந்தச் சாலை நான்கு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அவள் அதன் பெயரைக் கேட்டதே இல்லை.

மறு ஜனவரியில் நாங்கள் எழுவர் சென்றோம். நான், என் மனைவி, மகள், தங்கை, மைத்துனர், அவர்களுடைய இரு பிள்ளைகள். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டதால் கூட்டம் நெருக்கவில்லை. நண்பகலுக்குமேல் அங்கே தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது; பெண்களோடு செல்வோர் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. மலை, கடல், பழைய தெருக்கள், மழையில் நிற்கும் பேருந்து, பானை, மரம். தெய்வ உருவங்கள் பொன் தகடு பதித்து மைசூர்ப் பாணியில் வரையப்பட்டிருந்தன. அவற்றைக் கடந்து சென்றோம். பார்வையைத் தாழ்த்த வேண்டிய படங்களும் சில இருந்தன, தாழ்த்திக்கொண்டோம். கடைத்தெருவின் விளம்பரப் பலகைகளுக்கு முன் ஒரு நாளில் எத்தனை முறை தாழ்த்துகிறோமோ, அதைவிடக் குறைவுதான்.

ஓரிடத்தில் மூத்த மருமகன் என் கையைப் பற்றி இழுத்தான். "மாமா, பிஸ்மில்லாஹ்!" என்றான். உண்மைதான். ஓர் ஓவியர் கரும்பச்சைத் துணியில் பொன் வண்ணத்தால் அரபு எழுத்துகளை வளைத்து எழுதியிருந்தார். அருகே சென்று பார்த்தேன். நூன் எழுத்தின் மேல் நுக்தா இல்லை! அரபு தெரியுமா என்று மெல்லக் கேட்டேன். தெரியாது என்றார், ஏதோ ஒரு நூலில் கண்டு, அழகில் மயங்கி, கோட்டைப் பார்த்துக் கோடு வரைந்ததாகச் சொன்னார். ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது என்று காட்டினேன். அவர் முகம் வாடவில்லை. அப்போதே தூரிகையை எடுத்து, "எங்கே, எவ்வளவு பெரியதாக?" என்று கேட்டு வைத்தார். பிறகு அதன் பொருளைக் கேட்டார். சொன்னேன். அன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்துப் பாராட்டியிருப்பார்கள். புள்ளியைச் சொல்ல ஒருவர்கூட வரவில்லை. மதரஸாவில் மூன்றாம் மாதம் படிக்கும் குழந்தை கண்டுபிடிக்கும் பிழை அது.

லுஹர் நேரம் வந்தது. ஆண்களாகிய நாங்கள் பள்ளிவாசலைத் தேடிப் போகலாம், பெண்கள்? என் மனைவி பையில் தொழுகை விரிப்பு கொண்டு வந்திருந்தாள். மரத்தடியில் இடம் பார்த்துத் தயங்கி நின்றபோது, அங்கே படங்கள் சாய்த்து வைத்திருந்த முதிய ஓவியப் பெண்மணி, நெற்றியில் குங்குமத்தோடு எழுந்து, தம் சட்டங்களை ஒவ்வொன்றாய் நகர்த்தி இடம் ஒதுக்கித் தந்தார். இருவரும் தொழுது முடிக்கும் வரை, வருவோரைச் சுற்றிப் போகும்படி கையசைத்துக்கொண்டிருந்தார். தங்கை அவரிடம் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு வேப்பமரப் படம் வாங்கினாள்.

எழுந்த கேள்வி

ஊர் திரும்பியதும் இதை வகுப்பில் சொன்னேன். இரண்டு நாளில் ஒரு மாணவனின் தந்தை வந்தார். மரியாதையோடுதான் கேட்டார்: "ஹஜ்ரத், உருவப் படங்களைப் பற்றி நீங்களே எங்களுக்கு எச்சரித்திருக்கிறீர்கள். நீங்களே படச் சந்தைக்குப் போனால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?"

நியாயமான கேள்வி. வாசகர்கள் சிலர்க்கும் இது எழுந்திருக்கும். நான் முஃப்தி அல்லன். ஃபத்வா வழங்குவது என் பணியும் அன்று. எனக்குத் தெரிந்ததை மட்டும் அவருக்குச் சொன்னேன். ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையொன்றைத் தொங்கவிட்டிருந்ததை அண்ணலார் (ஸல்) அவர்கள் வெறுத்ததும், அன்னையார் அதைக் கிழித்துத் தலையணை உறைகளாக்கியதும் ஹதீஸ் நூல்களில் வருகின்றன. அதே ஆயிஷா (ரலி) அவர்களே, பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அண்ணலார் (ஸல்) தம் மேலாடையால் மறைத்து நிற்க, தமக்கு அலுக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரே இல்லத்தின் இரு நிகழ்ச்சிகள். முதலாவதை நம் வீடுகளில் அடிக்கடி சொல்கிறோம். இரண்டாவதை எத்தனை பேர் நம் பெண் மக்களுக்குச் சொல்லியிருக்கிறோம்? ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவிதை சொல்வதற்கென்றே பள்ளிவாசலில் மேடை அமைக்கப்பட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சுவரில் எதை மாட்டலாம் என்பது ஒரு மஸ்அலா. சாலையில் எதைக் கடந்து நடக்கலாம் என்பது வேறு. உருவப்படம் குறித்து உலமாக்களிடையே விளக்க வேறுபாடுகள் உண்டு. பேணுதலாக இருப்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் வந்தவரின் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. அவர் மகன் இரவு பதினோரு மணி வரை அதில் என்ன பார்க்கிறான் என்று நான் கேட்கவில்லை; அவரே அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தந்தை உடன் நிற்கும்போது பிள்ளை பார்ப்பதும், போர்வைக்குள் தனியே பார்ப்பதும் ஒன்றாகுமா?

சென்னையிலும் இவற்றுக்குக் குறைவில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். சென்னையில் முகம்மதியப் பொது நூலகம் உருவாகவும் அவரே துணை நின்றார். கர்நாடக நவாப் தம் அரண்மனையில் வளர்த்த விலங்குகளை அவருடைய வேண்டுகோளின் பேரில் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். சென்னை விலங்குக் காட்சிசாலையின் தொடக்கம் அப்படித்தான். அந்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை! மதரஸா ஆசிரியனுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளும் அதுதான். வெளிவாயிலில் நின்று பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. நீங்கள் ஞாயிறு பார்த்துச் செல்லுங்கள்.

இனிச் சொற்பொழிவுகளுக்கு வருவோம். பெங்களூரில் தோம்லூரில் உள்ள பன்னாட்டு மையம் போன்ற இடங்களில் வார இறுதிகளில் நடைபெறும் உரைகள் பெரும்பாலும் இலவசமானவை. யாரும் சென்று அமரலாம். வேறோர் அரங்கில் நான் கேட்ட உரை, எங்கள் பாராமகால் பகுதியைப் பற்றியது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இழந்த நாடுகளுள் பாராமகாலும் ஒன்று. அதன்பின் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலவரித் திட்டம் வகுத்தனர். பேச்சாளர் நன்றாகவே பேசினார். ஆயினும், மன்றோவுக்கு முன் அங்கே கணக்கு வழக்கே இல்லை என்பது போன்ற எண்ணம் கேட்போர்க்கு ஏற்பட்டது. அரங்கில் தொப்பி அணிந்தவன் நான் ஒருவன்தான். எழுந்து கேட்பதா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கினேன். முடிவில் எழுந்து, திப்புவின் அமில்தார்கள் வைத்திருந்த வரிக் கணக்குகள் என்னவாயின என்று கேட்டேன். பேச்சாளர் மகிழ்ந்து, பத்து நிமிடம் அதைப் பற்றியே விளக்கினார். ரீடும் மன்றோவும் தொடங்கியது வெற்றுத் தாளிலிருந்து அல்ல என்றார். கேட்டிராவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் அங்கிருந்தோர்க்குக் கிடைத்திராது.

நாடகம் ஒன்று, காகிதம் ஒன்று

நாடகத்தைப் பற்றி எழுதத்தான் இத்தனை பீடிகை.

ஜெ.பி. நகரில் 'ரங்க சங்கரா' என்ற நாடக அரங்கம் இருக்கிறது. 1990இல் சாலை விபத்தில் இறந்த நடிகர் சங்கர் நாகின் நினைவாக, அவருடைய மனைவி அருந்ததி நாக் முயன்று எழுப்பியது, 2004இல் திறக்கப்பட்டது. திங்கள் நீங்கலாக நாள்தோறும் ஒரு நாடகம் என்பது அவர்களின் கொள்கை. குறித்த நேரத்தில் கதவை அடைத்துவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள். ஜமாஅத்துத் தொழுகைக்கு இகாமத் சொன்னபின் ஓடி வரும் நம்மவர்க்கு இது நல்ல பயிற்சி.

அஞ்சியபடியே ஒரு மணி நேரம் முன்னதாகப் போனோம். அது கன்னட நாடகம், பிற்பகல் 3.30 மணிக் காட்சி. கதையின் சுருக்கத்தை முன்பே கேட்டறிந்து, குடும்பத்தோடு பார்க்கத் தக்கது என்று உறுதி செய்துகொண்டேன். லுஹர் தொழுதுவிட்டோம். ஹனஃபி மத்ஹபின்படி அஸர் நேரம் நான்கரைக்கு மேல்தான் தொடங்குகிறது. நாடகம் ஐந்தே காலுக்குள் முடிந்துவிடும். மக்ரிபுக்கு முன் தாராளமாக நேரம் உண்டு. இந்தக் கணக்கையும் இங்கே எழுதுவதற்குக் காரணம், 'தொழுகை தவறிவிடும்' என்பதுதான் நாம் முதலில் சொல்லும் சாக்கு.

அந்தப் பயணத்தில் என் பையில் ஒரு காகிதம் இருந்தது. எங்கள் தந்தையார் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பே தாயார் காலமாகிவிட்டார். அத்தா விட்டுச் சென்றது இரண்டரை ஏக்கர் புன்செய். நானும் அண்ணனும் தங்கையும் வாரிசுகள். நிலத்தை அண்ணன் பயிரிட்டு வந்தார். எனக்கு ஆண்டுதோறும் மஞ்சளோ ராகியோ வரும். தங்கைக்கு ஒன்றும் வந்ததில்லை. 'நகையும் சீரும் செய்தாகிவிட்டது' என்பது ஊர் வழக்கு. பட்டா மாற்றுவதற்கு அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்று அண்ணன் சொல்ல, நானும் அதன் நகலைக் காட்டி அவளிடம் சம்மதம் கேட்கலாம் என்று எடுத்துச் சென்றிருந்தேன்.

நாடகத்தின் கதை எளியது. தகப்பன் இறக்கிறார். மூன்று அண்ணன் தம்பிகள் நிலத்தையும் வீட்டையும் மாட்டையும் அம்மிக்கல்லையும் பங்கிடுகிறார்கள். ஒரு தங்கை. அவள் மேடையின் ஓரத்தில் அமர்ந்து, பங்கு பிரிப்போர்க்குத் தேநீர் போட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசி வரை அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. எல்லாம் பிரித்து முடிந்ததும் காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு அவள் வெளியேற, விளக்கு அணைகிறது. கன்னடம் எனக்குப் பாதிதான் புரியும். அந்தப் பெண்ணைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

இருட்டில் நான் தங்கை பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்து, அஸர் தொழுது, பேருந்துக்கு நிற்கும்போது அவள் கேட்டாள்: "அண்ணா, அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவர்கள் ஒருவருக்குமே தோன்றவில்லையே, ஏன்?" அவள் எதையும் மனத்தில் வைத்துக் கேட்கவில்லை. என் பையில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

இருபது ஆண்டுகளாக ஸூரத்துந் நிஸாவின் பாகப்பிரிவினைச் சட்டத்தைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துபவன் நான். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று எங்கும் இல்லை. அதைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவனுக்குப் பரிசும் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக் கணக்கில் நுக்தா விடுபட்டிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

காகிதத்தை எடுக்காமலேயே ஊர் திரும்பினேன். அண்ணனோடு பேசி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் இரண்டு மாதங்கள் எங்களுக்குள் பேச்சே இல்லை. அண்ணியார்தாம் இறுதியில் வழி திறந்தார். இரண்டரை ஏக்கரை ஐந்து பங்காக்கி, அண்ணனுக்கு ஓர் ஏக்கர், எனக்கு ஓர் ஏக்கர், தங்கைக்கு ஐம்பது சென்ட் என்று நில அளவையரை வைத்து அளந்தோம். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யத் தங்கையும் மைத்துனரும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்த வேளையில்தான் அந்தக் காகிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அலுவலகச் சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியைக் காட்டி, சித்ர சந்தெ இந்த முறை எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டாள்.